பதில் சொல்லும் கம்பி

பாப்பாவுக்கு,

நீ ஆசைப்பட்ட அந்த விலை உயர்ந்த கிதாரை இன்று கடையில் மடியில் வைத்துப் பார்த்தேன். "ஸ்பீக்கர்ல மாட்டினா ரெண்டும் ஒண்ணுதான்" என்று வாதாடி, அன்று மலிவானதை உன் தலையில் கட்டியவன் நான். ஒருநாளாவது ஸ்பீக்கரில் மாட்ட விட்டேனா? "சத்தம் தாங்கல" என்று கத்தினேன்.

"நல்ல மரம் சார். பக்கத்துல பேசினாலே கம்பி அதிரும்," என்றார் கடைக்காரர்.

கம்பிப் பக்கம் குனிந்து, "பாப்பா" என்று உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன். நன்றாகவே அதிர்ந்தது. ஆனாலும் வாங்காமல் வந்துவிட்டேன்.

உன் படத்துக்குக் கீழே தொங்குகிற மலிவானதும் அதிர்கிறது. தினமும் காலையில் உன் அறை வாசலில் நின்று, "பாப்பா, எந்திரிச்சிட்டியா?" என்பேன். மெல்ல ஒரு கம்பி முனகும்.

"சத்தம் தாங்கலங்க, கம்பியக் கழட்டிடுங்க" என்று அம்மா அழுகிறாள். நான் கழற்றவில்லை.

நாளைக்குக் கொஞ்சம் சத்தமாகத்தான் பதில் சொல்லேன்.

அப்பா