ஞானத்தொட்டியருகே நிற்பேன் என்றவள்

ஹோல்மார் கோட்டை,
புனித மாற்கு திருநாள்

அன்புள்ள அம்மாவுக்கு ரிக்கென்சா எழுதிக்கொள்வது.

பேரன் பிறந்திருக்கிறான். என் அப்பாவின் காது அப்படியே. தூய ஆவி திருநாளுக்கு முந்தின நாள் ஞானஸ்நானம். நீங்கள் வந்து ஞானத்தாயாக நிற்க வேண்டுமென்று என் கணவர் ரெயினார் பிரபு ஆசைப்படுகிறார். பழைய சண்டையை மறந்துவிட்டாராம். "மருமகன் வீட்டுக்கு வர்றதுக்கு எதுக்குப் பட்டாளம்? நாலு பேரோட வரச் சொல்லு" என்கிறார்.

பிள்ளையை நானே கோயிலுக்குள் தூக்கிப்போய் ஞானத்தொட்டியருகே நிற்பேன். அங்கே என்னைப் பார்ப்பீர்கள்.

உங்கள் மகள்,
ரிக்கென்சா

அர்வேன்,
திருச்சிலுவை கண்டெடுத்த திருநாள்

ரிக்கென்சாவுக்கு,

பேரன் பிறந்ததில் சந்தோஷம். மற்றதில் இல்லை. போன அறுவடையில் என் ஆலையைக் கொளுத்தியவனுக்கு இப்போது மாமியார்மேல் பாசம் பொங்குகிறதா? உன் அப்பாவுக்குப் பிறகு இந்த நாட்டை ஒரு விதவை ஆள்வது அவனுக்கு உறுத்துகிறது. என்னைப் பிடித்து அடைத்து, நான் அர்வேனை அவன் பெயருக்கு எழுதி முத்திரையிடும்வரை பட்டினி போடப் பார்க்கிறான். நீயும் உடந்தையா என்பதுதான் தெரியவில்லை.

தளபதி வுல்ஃப்ராம் கேட்டான்: "பச்ச உடம்புக்காரி எழுதினது தாயே, அதுல கூடவா விஷம் இருக்கும்?"

"இருக்கும்டா. அந்தக் கைக்கு இறகுப் பேனா பிடிக்கக் கத்துக்குடுத்தவ நான்தானே" என்றேன்.

இன்னொன்று. பிள்ளை பெற்றவள், நாற்பது நாள் கழிந்து மெழுகுதிரியோடு முறைப்படி சேர்க்கப்படும்வரை கோயில் படி ஏறக்கூடாது. பெற்றவளே ஞானத்தொட்டியருகே நிற்பது எந்த ஊர் வழக்கம்? நம் இருவரையும் படிக்கவைத்த ஆற்றுத் தீவு மடத்துச் சகோதரிகள் கேட்டால் தலைகுனிவார்கள். முறை கெட்ட வீட்டில் நான் ஞானத்தாயாக நிற்கமாட்டேன்.

நாற்பது கழிந்ததும் அந்த மடத்துக் கோயிலிலேயே திரி ஏந்து. நானும் அங்கே வருவதாக உன் கணவனிடம் சொல். அந்தத் தீவில் ஆயுதத்தோடு எவனும் இறங்க முடியாது.

ஓடிலியா,
அர்வேனின் கோமகள்

தீவு மடம்,
புனித பர்னபா திருநாள்

என் தங்க அம்மாவுக்கு,

புரிந்துகொண்டீர்களே! நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் அவர் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். உங்களுக்காக நிலவறையில் வைக்கோல்கூடப் பரப்பியாகிவிட்டது. அதை எழுத வழியில்லை. அதனால் உங்களால் பொறுக்கவே முடியாத ஒரு தப்பை வேண்டுமென்றே எழுதினேன். அதைக் கண்டதும் ஏதோ சரியில்லை என்று புரிந்து, வராமல் இருப்பீர்கள் என்றுதான்.

"அது என்னடி தொட்டி, கிட்டின்னு?" என்றார்.

"பொம்பளைங்க சமாச்சாரங்க" என்றேன். விட்டுவிட்டார். உங்கள் பதிலைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "கிழவிக்கு என்ன வாய்! போ, திரியப் பிடிச்சிட்டு, நைசா பேசி அவளை இங்க இழுத்துட்டு வா."

கோபித்ததுபோல் எவ்வளவு அழகாக நடித்தீர்கள்! ஆனால் நீங்கள் வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு திரி ஏந்தினேன்.

இனி அவரிடம் போகமாட்டேன். பிள்ளையோடு மடத்துக்குள் இருக்கிறேன். நாளை மறுநாள் விடியலில் படகேறி நம் கரைக்கு வரலாமா?

ரிக்கென்சா

அர்வேன்,
மறுநாள்

மகளே,

நான் நடிக்கவில்லை. எனக்குப் புரியவில்லை. உன்னை அசடு என்று நினைத்துத்தான் திட்டினேன். விலைபோய்விட்டாய் என்று நினைத்துத்தான் தீவுக்கு வரவில்லை. படகில் கால் வைக்கும்முன் இதைத் தெரிந்துகொள். நீ நம்பிய தாய் என்னைவிடக் கெட்டிக்காரி.

வுல்ஃப்ராம் குதிக்கிறான். "தூண்டில் தாயே இது! பின்னாடியே அவன் ஆளுங்க வருவானுங்க. கரையில வில்லாளிங்கள நிறுத்தறேன்."

எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

ஆனாலும் வில்லாளிகள் வேண்டாம் என்றுவிட்டேன். பயந்தவன் விடும் அம்பு, படகில் இருப்பது யார் என்று பார்க்காது. கரையில் நான் மட்டும் நிற்பேன். முத்திரை மோதிரத்தைக் கழற்றி வுல்ஃப்ராமிடம் கொடுத்தாயிற்று. இது பொறியாகவே இருந்தாலும் உன் கணவனுக்குச் சிக்கப்போவது ஒரு கிழவிதான், அர்வேன் அல்ல.

ஆற்றுக்காற்று குளிரும். பிள்ளையின் காதை மூடிக் கொண்டுவா.

அம்மா