நிலைவாசலுக்கு உள்ளே ஒரு ஜோடிச் செருப்பு

அன்பு நண்பா,

இன்று ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. விடிவதற்குச் சற்று முன், கட்டிலிலிருந்து இறங்கி வலது காலை ஊன்றியபோது குதிகாலின் அடியில் ஏதோ சுருக்கென்று ஏறியது. முள்ளோ என்று தடவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மறுபடி ஊன்றினேன்; மறுபடி ஏறியது. கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். திருக்கோகர்ணத்தின் முதல் டவுன் பஸ் தெருமுனையில் திரும்பும் ஓசை கேட்டது. உறக்கம் பாதி கலையாத அந்த நேரத்தில், கூடத்தில் யாரோ ரப்பர் செருப்போடு மெல்ல நடப்பது போலிருந்தது. நீ வந்திருக்கிறாய் என்றே சில கணம் நம்பினேன்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து நீயும், பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து நானும் ஓய்வு பெற்ற பிறகு, நீ வராத மாலை என்று ஒன்று இந்த வீட்டில் இருந்ததில்லை. காபி ஆறும்வரை ஏதாவதொரு பழைய நாளின் கிழமையைப் பற்றிச் சண்டையிடுவோம். சரியாகச் சொல்பவன் நான்தான். அதற்காகவே எனக்குப் ‘பஞ்சாங்கம்’ என்று பெயர் வைத்தாய். விடைபெறும்போது, நான் டம்ளரை உள்ளே வைக்கத் திரும்பும் சமயம் பார்த்து, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து மேசையில் போட்டுவிட்டு நழுவுவாய்.

“ஏ பஞ்சாங்கம், ஒனக்கு ஒரு நாளை முன்கூட்டியே குடுத்துட்டேன், வச்சுக்க!” என்று தெருவிலிருந்து குரல் வரும். நான் பசை தடவி, தாளை அதன் இடத்தில் திரும்ப ஒட்டுவேன். ஒரு நாள் முன்னால் ஓடும் காலண்டரை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஓர் ஆண்டு மாசியில் கூடத்துப் பழைய சிமெண்டுத் தரையைப் பெயர்த்துவிட்டு கிரானைட் பதித்தோம். குனிந்தால் முகம் தெரியும் தரை. வீட்டுக்குள் செருப்பு நுழையலாகாது என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். பங்குனியில் குருத்து ஞாயிறு வந்தது. ஆண்டுதோறும் போலவே மாதா கோயிலில் பூசை முடிந்து, குருத்தோலையில் முடைந்த சிறு சிலுவையோடு வந்தாய்; ஆனால் வாசலிலேயே நின்று அதை என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாய். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. டீக்கடையில் கண்டால் வழக்கம்போலச் சிரித்துப் பேசினாய். வீட்டுக்கு அழைத்தால் மட்டும், “வாரேன், வாரேன்” என்றாய்.

“அண்ணன் மனசு நோகுற மாதிரி என்னங்க சொன்னீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“காலண்டரைத் தொடாதேன்னு சொன்னேன். ஆயிரம் தடவை சொன்னதுதானே?”

“ஆயிரத்தோராவது தடவை சுட்டிருக்கும்.”

மாலைகள் நீண்டன. யாரும் கிழித்துப் போடாத காலண்டர் ஒழுங்காகத் தொங்கியது. இத்தனை நாள் நட்பு இப்படி ஓசையே இல்லாமல் முடிந்துபோகுமோ என்று அஞ்சினேன். அதை உன்னிடம் கேட்கவும் கூச்சமாக இருந்தது.

சித்திரை மாதத்து மூன்றாம் வியாழன். வெள்ளி என்று நீ சாதிப்பாய், வியாழன்தான். கோடை மழை உன்னை எங்கள் வாசலுக்குத் துரத்திக்கொண்டு வந்தது. “உள்ள வாங்கண்ணே, நனையிறீங்க” என்றாள் மனைவி. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைத் தரையில் வைத்தாய். வைத்தவன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாய். உன் உதடுகள் மடிந்திருந்தன.

“என்னண்ணே, கால்ல என்ன?”

“ஒண்ணுமில்லம்மா. ஒங்க வீட்டுத் தரை என்னையக் கண்டா கடிக்குது.”

அப்புறம்தான் சொன்னாய். “காலையில எந்திரிச்சு மொத அடி வைக்கயில குதிங்கால்ல ஆணி எறங்குற மாதிரி இருக்கு. கொஞ்சம் நடந்தா அடங்குது. ஒக்காந்து எந்திரிச்சா மறுபடியும் அதே கதை. செருப்பு போட்டா தேவலை. வெறுங்கால்ல இந்தக் கல்லு மேல நிக்க முடியலப்பா. அதுக்காக ஒங்க வீட்டுக்குள்ள செருப்போட வரவா முடியும்?”

என் மீது உனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை என்பது மட்டும் இனிப்பு போல நெஞ்சில் கரைந்துகொண்டிருந்தது. பிறகு என் வாயே அதைச் சொன்னது: “செருப்போட வா.” மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

மறுநாளே கடைக்குப் போய், குதிகால் பக்கம் சற்று உயர்ந்து மெத்தென்றிருக்கும் ஒரு ஜோடி வாங்கினேன். தெருவையே மிதிக்காத செருப்பு. நிலைவாசலுக்கு உள்ளே உனக்காக வைத்தேன்.

அந்த வாரமே மருத்துவரிடமும் போனோம். அந்த இளம்பெண் உன் குதிகாலின் உட்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, “இங்கதானே?” என்றார். “அதேதாம்மா, கரெக்டா எறங்குற ஸ்டாப்பு” என்றாய். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். குதிகாலிலிருந்து விரல்கள்வரை உள்ளங்காலைத் தாங்கும் பட்டையான தசைநார் ஒன்று இருக்கிறதாம். நெடுநேரம் நிற்பதாலும் கடினமான தரையாலும் அது நொந்துபோகிறது. இரவெல்லாம் இறுகிக் கிடந்து, காலையில் முதல் அடியில் திடீரென்று இழுபடுகிறது. எக்ஸ்ரே படத்தில் தெரிந்த எலும்பு முளையைக் காட்டி நீ கலங்கியபோது, வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு என்று தேற்றினார். யாரோ சொன்னதைக் கேட்டு நீ சூட்டுச் செங்கல்லில் எருக்கிலை வைத்து மிதித்து வந்ததை மட்டும் கண்டித்தார். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் மரத்திருந்தால் சுட்டது தெரியாமல் புண்ணாகிவிடும் என்றார்.

அதன்பின் நம் கூடம் உன் பயிற்சிக்கூடமாயிற்று. இரு கைகளையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்சாய்வாய். கெண்டைக்கால் இளகினால் குதிகாலும் இளகும் என்பது மருத்துவர் சொன்னது. “அண்ணே, செவத்தைத் தள்ளிராதீங்க, இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கு!” என்பாள் மனைவி. குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளங்காலின் கீழ் உருட்டியபடியே கிழமைச் சண்டை போடுவாய். இதெல்லாம் ஒரு வாரத்தில் தீராது, மாதக்கணக்காகும் என்றார்கள், அப்படியேதான் ஆயிற்று. ஐப்பசி அடைமழையில் ஒரு மாலை, “ஏ பஞ்சாங்கம், இன்னிக்கு மொத அடி சும்மா பூ மாதிரி எறங்குச்சு” என்றாய். போகும்போது காலண்டரைக் கிழித்தாய்.

அடுத்த மாசியில் நீ போய்விட்டாய். குதிகாலோடு சம்பந்தமே இல்லாத வேறொரு நோய். வெள்ளிக்கிழமைகளில் கூடம் துடைக்கும்போது மனைவி உன் செருப்பை எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைக்கிறாள். எடுத்துவிடலாம் என்று அவள் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

இன்று காலை, கட்டிலிலிருந்து இறங்கும் முன்பே செய்ய வேண்டும் என்று மருத்துவர் உனக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் செய்தேன். துண்டை விரல்களுக்கு அடியில் கொடுத்து, முழங்காலை மடக்காமல், மெல்ல என் பக்கம் இழுத்துப் பிடித்தேன். பிறகு சுவரைப் பிடித்தபடி நிலைவாசல்வரை போய், உன் செருப்பில் கால் நுழைத்தேன். எனக்கு ஓர் அளவு பெரிது. நீ அழுத்தி அழுத்தி உண்டான பள்ளத்தில் என் குதிகால் போய் அமர்ந்தது. தேய்ந்த செருப்பு இந்த வலிக்கு ஆகாது. அதையும் உனக்குச் சொன்னவன் நான்தான். சனிக்கிழமை புதிதாக ஒன்று வாங்கிக்கொள்கிறேன். மருத்துவரையும் பார்க்கிறேன்.

கூடத்தில் நடந்து பார்த்தேன். விடியலில் கேட்ட அதே ஓசை. காலண்டரில் நேற்றைய திங்கட்கிழமை இருந்தது. கிழித்தேன். செவ்வாயையும் சேர்த்துக் கிழித்தேன்.

காபியோடு வந்த மனைவி, “இன்னிக்குப் புதனாங்க?” என்றாள். பிறகு என் கால்களைப் பார்த்தாள்.

“அண்ணன் வந்தாராக்கும்” என்றாள்.

மேசையில் செவ்வாய்க்கிழமைத் தாள் கிடக்கிறது. இந்த மடலை அதன் முதுகில் தொடங்கித்தான் எழுதி வந்திருக்கிறேன். பசையை எடுக்கவில்லை.