வெஸ்த் கட்டாயம்

8-1-79, திங்கள்

காலையில் நல்ல பனி. பால் வாங்கப் போகையில் மப்ளர். காதுவலி இன்னும் போகவில்லை.

மச்சானிடமிருந்து கடிதம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து ஒன்பது வருடம். தமிழ் எழுத்து கோழி கிளறின மாதிரி. இந்த வீட்டில் கடிதம் படிப்பது என் வேலை. கஸ்தூரி எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஒரு பக்கத்துக்கு அரை மணி. மாமாவுக்கு அதுவும் வராது. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவனுக்கு இந்த ஒரு மரியாதையாவது மிச்சம்.

விஷயம்: மாமாவுக்கு டிக்கெட் 22ந் தேதி. மெட்ராஸ், பம்பாய், பாரீஸ். பேரனைப் பார்க்கப் போகிறார். இதுவரை அவர் போன தூரம் திருப்பதி. கடைசி வரி: "அப்பா வரும்போது வெஸ்த் கட்டாயம் போட்டுக்கொண்டு வரவும்."

வேட்டியைத்தான் அப்படி எழுதிவிட்டான் என்கிறாள் கஸ்தூரி. வேட்டியைக் கட்டச் சொல்லி அவருக்கு ஒருவன் எழுதவும் வேண்டுமா?

விளக்கினேன். வெஸ்ட். ஆங்கிலம். பனியன். ஆபீஸ் டிக்ஷனரியில் விரல் வைத்தே காட்டினேன் (இரண்டாவது அர்த்தம் ஏதோ இருந்தது, படிக்கவில்லை). மாமா சட்டைக்குள் பனியன் போடுவதில்லை. மெல்லிய சட்டையில் உடம்பெல்லாம் தெரியும். அங்கே மகனுக்கு மானம் போகும், அதுதான் சங்கதி.

மாமா தலையாட்டினார். "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்."

11-1, வியாழன்

பனியன் வாங்கியாயிற்று. ஆறு, கை வைத்தது. பேன்ட் தைக்கக் கொடுத்தது ஒன்று. டெய்லர் "பாரினுக்கா சார்" என்று கேட்டு இரண்டு தரம் அளவெடுத்தான்.

தெருவில் எவனைப் பார்த்தாலும் ஆலோசனை. ஒருவன் டை என்கிறான். ஒருவன் கூலிங்கிளாஸ். கோடிவீட்டம்மா, பிளேனில் ஜன்னல் ஓரம் காற்றடிக்கும், காதில் பஞ்சு வைக்கச் சொல் என்கிறாள். வில்லியனூர் பஸ் என்று நினைப்பு.

கஸ்தூரி: "அந்த ஊர்ல ரொம்பக் குளிருமாமே?" பிளேன் மூடின அறை மாதிரி. இறங்கினால் மச்சான் காரோடு நிற்பான். இடையில் குளிர் எங்கேயிருந்து வரும் என்றேன்.

17-1, புதன்

பொங்கல் கரும்புச் சக்கை இன்னும் வாசலில். வாருவார் இல்லை.

எதிர்வீட்டு அந்துவான் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், தெருவே சொல்தா, அதாவது சிப்பாய், என்கிறது. கையில் மூட்டை. பிரித்தால் பழைய கோட்டு, பாச்சை உருண்டை நாற்றம். மாமாவுக்காம், போய் வந்து திருப்பித் தந்தால் போதுமாம்.

"வெஸ்த்துன்னா இதாங்க. கோட்டு. நான் பதினஞ்சு வருசம் போட்டுனு இருந்தேன்."

விடுவேனா? கோட்டுக்கு நீங்கள் மாந்தோ என்றுதானே சொல்வீர்கள் என்றேன். அது வேற, பெருசு, இது வேற என்று ஆரம்பித்தார். பாதியில் பிரெஞ்சு கலந்தது, அப்புறம் கோபத்தில் இரண்டு பாஷையும் நின்றுபோனது. மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாரீஸ் வரை தன் கோட்டு போனது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருக்கலாம், அந்த ஆசைதான்.

மாமா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்கித்தான் வச்சிருக்கலாமோ?" என்று மெதுவாக. உங்கள் இஷ்டம் என்றேன், வெடுக்கென்று. பனியன்களை எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார்.

22-1, திங்கள்

லீவு. வாடகை வேன். ஒருவர் ஏற, பதினொரு பேர் வழியனுப்ப. திண்டிவனத்தில் டீ, தண்ணீர்.

மீனம்பாக்கம். பார்த்தவை:
சரிகைப் பட்டுப்புடவை, காலில் சாக்ஸ், அதன்மேல் ஹவாய் செருப்பு.
கூரைக்கு அடியில் கூலிங்கிளாஸ், மூன்று பேர்.
வெல்வெட் கோட்டுக்காரன், வியர்வை சொட்டச் சொட்ட. கழற்ற மாட்டானாம்.
இங்கே வெயில் கொளுத்துகிறது, கழுத்தில் கம்பளி. கோமாளிகள்.

விமானத்தில் போகிறவன் போடவேண்டியது, என் கணக்கில்: துவைத்த சட்டை. இறங்காத பேன்ட். உள்ளே பனியன். தீர்ந்தது.

மாமா பேன்ட் நழுவுமோ என்று ஒரு கை இடுப்பிலேயே. உள்ளே போகுமுன் திரும்பி வந்தார். சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்துக் காட்டினார். "சரியா இருக்குதா மாப்ள?" தலையாட்டினேன். பத்து மீட்டருக்குள் அவர் ஒருவர்தான் ஒழுங்காக உடுத்தியிருந்தார்.

8-2, வியாழன்

வெயில். ஆபீசில் டைப்ரைட்டர் ரிப்பன் இல்லை. சாயங்காலம் மச்சானின் கடிதம்.

மாமா போய் இறங்கிய அன்று அங்கே பனி கொட்டி ரோடு அடைபட்டிருக்கிறது. மச்சானின் கார் இரண்டு மணி நேரம் தாமதம். மகன் தன்னைக் காணாமல் தேடுவானே என்று மாமா ஏர்போர்ட்டுக்கு வெளியே வந்து நின்றிருக்கிறார். பனியன், சட்டை, பேன்ட். உதடெல்லாம் நீலம். மச்சான் தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டிருக்கிறான். ஐந்து நாள் ஆஸ்பத்திரி, நெஞ்சில் சளி. இப்போது பரவாயில்லை, கஞ்சி குடிக்கிறார், பேரனை இன்னும் தூக்க விடவில்லை.

இதையெல்லாம் கஸ்தூரிக்குப் படித்துச் சொன்னேன். அழுதாள். ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

"வெஸ்த் போடச் சொல்லி எழுதினேனே அப்பா என்று கேட்டேன். மாப்ள படிச்சுப் படிச்சு சொன்னாரு, கோட்டுகூட வாங்கிக் குடுத்தாரு, நாந்தான் வேன்லயே மறந்துட்டு வந்துட்டேன்னு சொல்றாரு."

எனக்காக அந்த மனுஷன் நடுங்கிக்கொண்டே பொய் சொல்லியிருக்கிறார். வெட்கமாக இருக்கிறது. எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது. அந்துவானிடம் போய்ச் சொல்ல வேண்டும், கால் வரவில்லை.

கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தைக் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிறாள். விரல் மூன்றாம் வரியில். நான் படிக்காமல் விட்டது ஒன்பதாம் வரி.