மதிலில் விட்ட வழி

பச்சைச் சீமெந்து மணம் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. உங்களுக்குப் பிடித்த மணம்தான். நான்தான் யன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன்.

கோட்டைப் பக்கத்து மான்கள் தெருத்தெருவாகத் திரிகிற இந்த ஊரில், அவற்றுக்காக மதிலில் ஒரு வாசலளவு இடைவெளி விட்ட மனுஷன் நீங்கள் ஒருவர்தான். ஊருக்கெல்லாம் வீட்டுப் படம் கீறிக் கொடுத்தவர், எங்கள் வீட்டுப் படத்தில் கதவு, யன்னலோடு மான் வரும் வழியையும் புள்ளிக்கோடாகக் கீறினீர்கள். "மதிலை முடிக்கக் காசு காணேல்லையோ?" என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கள்ளனும் உதாலதான் வருவான்" என்று சண்டைபிடித்தேன்.

"உது அதுகளின்ர பாதை. நாங்கள்தான் பிறகு வந்தனாங்கள்" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்போடு கதைத்து வெல்ல யாராலும் ஏலாது.

என் கறிவேப்பிலைக் கன்றை எத்தனை தடவை தின்று தீர்த்தன! நான் விளக்குமாற்றோடு துரத்துவேன். நீங்கள் விறாந்தையில் இருந்தபடி, "மெல்ல, மெல்ல" என்று என்னை அடக்குவீர்கள். பிறகு நோய் வருத்தம் முற்றி, கதிரையை விட்டு எழும்ப முடியாமல் போன மாதங்களில், காது கிழிந்த கிழட்டு மான் ஒன்று மத்தியானத்தில் வந்து உங்கள் காலடியில் படுத்துக்கிடக்கும். வாழைப்பழத் தோலை உங்கள் கையிலிருந்தே வாங்கித் தின்னும். நீங்கள் போன பிறகும் அது வருவதை நிறுத்தவில்லை. வெறும் கதிரைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டுப் போகும்.

போன கிழமை பேரன் அந்த வழியால் தவழ்ந்து றோட்டுக்குப் போய்விட்டான். ஆட்டோக்காரர் பிரேக் அடித்திராவிட்டால் பிள்ளை எங்களுக்கு இல்லை. மகள் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள். நான் மேசனுக்குச் சொல்லியனுப்பினேன். அடுத்த நாள் மேசன் வந்து, "அம்மா, அடைக்கட்டோ?" என்று கேட்டார். "ஓம், அடையுங்கோ" என்று நான்தான் சொன்னேன். நீங்கள் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

நேற்று மத்தியானம் அது வந்தது. ஈரச் சுவரை முகர்ந்தது. மதில் நெடுகப் போய், திரும்பவும் அதே இடத்துக்கு வந்து நின்றது. எனக்குத் தாங்கவில்லை. முன் கேற்றை அகலத் திறந்துவிட்டு, வாழைப்பழத் தோலோடு தெருவில் இறங்கி, "வா, வா" என்று கூப்பிட்டேன்.

என்னைக் கண்டதும் பாய்ந்து ஓடிவிட்டது.

இந்த வீட்டில் உங்களைத் தேடுகிறவர்கள் இரண்டு பேராக இருந்தோம். இனி நான் ஒருத்திதான்.