குரூப்பில் போன குரல்

செல்லம்மா,

நீ என்னை பிளாக் செய்துவிட்டதால் தபால்தலை ஒட்டி உன் ஆபீசுக்கு அனுப்புகிறேன். அந்த வீட்டுக்கு அனுப்பினால் யார் பிரிப்பார்களோ.

"அவரோட இனிமே வாழ முடியாதுப்பா, அம்மாகிட்ட சொல்லிடாத" என்று நீ வாட்ஸப்பில் அழுது அனுப்பிய குரலை, யோசனை கேட்க உன் தம்பிக்கு அனுப்பப்போய், நம் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டேன். முப்பது வருஷம் ஃபாக்டரியில் ராணுவ டாங்கிக்கு நட்டு முடுக்கிய விரல், போனிடம் தோற்றது. அழிப்பதற்குள் பாதி ஆவடி கேட்டுவிட்டது.

அம்மாவும் கேட்டுவிட்டாள். இன்று காலை காபி டம்ளரை டொக்கென்று வைத்தாள். "இன்னாய்யா, ஊருக்கே சொல்லிட்ட. நம்ம ஊட்டுக்கு வந்துடுன்னு பொண்ணுகிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. வந்துவிடு, கண்ணு. எந்த ரயிலென்று தெரிவிக்க வேண்டாம். சனிக்கிழமை முழுக்க ஸ்டேஷனில் நிற்பேன்.

இப்படிக்கு,
விரல் தடித்த உன் அப்பா