சஹூந்த்ராவின் இரண்டு வண்டிகள்

மார்ச் 4, ஞாயிறு

துறைமுக ஊரான தாமதாவ்விலிருந்து ராது போன் செய்தான். "ரெண்டுல எது வேணுமோ நீயே முதல்ல எடுத்துக்கோ, சஹூந்த்ரா. மிச்சத்தை நான் சனிக்கிழமை வந்து ஓட்டிட்டுப் போறேன்."

இத்தனை வருஷம் புருஷன் பெண்டாட்டியாக இருந்ததில், பங்கு பிரிக்க இரண்டு பழைய குட்டிக் கார்கள்தான் பாக்கி: ஒரு தெஷ்வோ, ஒரு ரெனோ. பின்னாலிருந்து ஒரு பெண் குரல் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டது. சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 5

தங்கை ஹந்தா வந்தாள். "தெஷ்வோவை எடுத்துக்கோக்கா. அவன் உயிரே அதுலதான் இருக்கு. வயிறெரிஞ்சு சாகட்டும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மலைக் கிராமங்களுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறவள் நான். வீம்புக்கு எடுத்த வண்டி மேடேறுமா? இரண்டையும் ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.

மார்ச் 6

பெத்தாஃபு மலைச் சாலை, தெஷ்வோவில். தனியாக.

குண்டும் குழியும் இருப்பதே தெரியவில்லை. மிதந்து போகிறது. வளைவில் ஒரு பக்கமாக அப்படிச் சாய்கிறது, கதவு தரையைத் தொட்டுவிடும் போல — ஆனால் சக்கரம் பிடி விடுவதில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. கீழ் கியருக்கு வந்து பொறுமையாக ஏறினேன். எஞ்சின் காற்றிலேயே ஆறிக்கொள்ளும்; ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கொதிக்கும் என்ற கவலையும் இல்லை.

சிரித்திருக்கிறேன். பக்கத்தில் திரும்பிக் காலி இருக்கையைப் பார்த்ததும்தான் அது எனக்கே தெரிந்தது.

மார்ச் 7

அதே சாலை, ரெனோவில். அதே ஏற்றத்தை மூன்றாம் கியரிலேயே தாண்டிவிட்டது. வளைவில் சாய்வு குறைவு. ஆள் இல்லாததால் பின்பக்கம் குதிக்கிறது, இடுப்பு வலி. பின்கதவு அகலம். இருக்கையை மடித்தால் ஒருத்தியைப் படுக்கவைக்கலாம்.

நல்ல வண்டி. ஆசை வரவில்லை.

மார்ச் 8

மழை. யாரும் வரவில்லை. சோறு மிஞ்சிவிட்டது. இன்னும் இரண்டு பேருக்குத்தான் வடிக்கிறேன்.

மார்ச் 9

சாயங்காலம் மலைக் கிராமத்தில் ஒருத்திக்கு வலி எடுத்து, குழந்தை குறுக்கே கிடந்தது. ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இன்று நான் போயிருந்தது தெஷ்வோவில். ஏன் அதை எடுத்தேன்? பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அவள், மாமியார், புருஷன், அவன் தம்பி, நான். சேறு. ஏற்றத்தின் பாதியில் முதல் கியரிலும் நின்றுவிட்டது. வண்டியைக் குறை சொல்ல முடியாது, அதன் சக்திக்கு மீறிய பாரம்.

"தொட்டில் மாதிரி நல்லாத்தான் ஆட்டுது. மேலதான் ஏற மாட்டேங்குது," என்றாள் மாமியார். பிறகு என் தோளைத் தொட்டு, "நீ ஓட்டு மகளே, இவனுங்க தள்ளுவானுங்க."

தள்ளினார்கள். போய்ச் சேர்ந்தோம். அறுவை செய்து எடுத்தார்கள், பெண் குழந்தை. தாயும் நலம்.

மார்ச் 10, சனி

ராது வந்தான். இளைத்திருக்கிறான். உள்ளே வரவில்லை.

"எது உனக்கு?"

"ரெனோ."

நம்பாமல் பார்த்தான். "தெஷ்வோவைத்தான் எடுத்துப்பேன்னு வழியெல்லாம் பயந்துட்டே வந்தேன்."

"எடுக்கத்தான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் விட்டுட்டே?"

"மேட்டுல தள்ள ஆள் வேணும். என்கிட்ட ஆள் இல்ல."

நான் நீட்டிய சாவியை வாங்கிக்கொண்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். "மழைக்கு முன்னாடி கிளம்பு," என்றேன்.

தெரு முனையில் வண்டி சாய்ந்து திரும்பியது. சத்தம் கேட்கிற வரை வாசலில் நின்றேன். அப்புறமும் கொஞ்ச நேரம்.

மார்ச் 13

அழுதேன். என்னத்துக்கு இப்ப? அந்தப் பாழாப்போன வண்டிக்கா?

மார்ச் 18, ஞாயிறு

கூப்பிட யாரும் இல்லை, போக வேலையும் இல்லை. இருந்தும் ரெனோவை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். பின்பக்கம் குதித்துக்கொண்டேதான் வந்தது. கரையில் ஒருத்தி அரிசி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். வழக்கம் போல இரண்டு வாங்கினேன்.

இரண்டையும் நானே தின்றேன். சூடாக இருந்தது.