ஒரு கட்டில், இரண்டு ஷிப்ட்

ஜூலை 7, திங்கள்

இன்றைய தூது. அம்மாவிடமிருந்து அப்பாவுக்கு: கேஸ் புக் பண்ண வேண்டும், நீலச் சட்டைக்குப் பொத்தான் தைத்தாகிவிட்டது, மீன் குழம்பைச் சுட வைக்காமல் சாப்பிடக் கூடாது. அப்பாவிடமிருந்து அம்மாவுக்கு: "சரின்னு சொல்லு."

இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். பென்னலூரில், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. அம்மா விடியும் முன்பே பஸ் ஏறி செல்போன் கம்பெனிக்குப் போய்விடுவாள். ஓ.டி. முடித்து அவள் வரும்போது அப்பா ஒரகடம் கம்பெனிக்கு நைட் ஷிப்ட் கிளம்பியிருப்பார். அவர் வரும்போது அம்மா லைனில் நிற்பாள். அம்மாவுக்கு ஞாயிறு லீவு, அப்பாவுக்குப் புதன்; ஒருவர் லீவில் மற்றவர் தூக்கம். கட்டில் ஒன்றுதான். பகலில் அப்பா, இரவில் அம்மா. அது காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. அதில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தும் பார்த்ததில்லை.

அப்பா ஆந்தை. அம்மா சேவல். நான் முட்டை. சந்தேகம் இருந்தால் என் கணக்குப் பேப்பரைப் பார்க்கலாம்.

ஜூலை 8, செவ்வாய்

மாடி ரூம் பேச்சிராஜ் அண்ணனுக்கு கிரீம் பிஸ்கட் கொடுத்தேன். உள்ளே இருந்த கிரீம் பல் விளக்கும் பேஸ்ட். "ஏ பிள்ள, ஒனக்கு ஒரு நா இருக்கு பாத்துக்க!" என்று குழாயடிக்கு ஓடினார். திருநெல்வேலிக்காரர், திட்டினால்கூடப் பாட்டு மாதிரி இருக்கும்.

அப்பாவின் போன் அலாரத்தைச் சேவல் கூவும் சத்தமாக மாற்றிவிட்டேன். சாயங்காலம் கொக்கரக்கோ என்றதும் விடிந்துவிட்டது என்று பதறி எழுந்தார். அவரே சிரித்துவிட்டார். மாற்றத் தெரியாததால் அதுவே இருக்கட்டும் என்றார்.

ஜூலை 10, வியாழன்

அம்மா சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "ஷாலு, ஓசூர் போறியான்னு கேக்கறாங்க. புது பிளான்ட்டு. சூப்பர்வைசரு. ஆஸ்டல் அவங்களே குடுத்துருவாங்களாம். அப்பாகிட்ட இன்னா சொல்றாருன்னு கேளு."

"நீயே கேளேன். போன் இன்னாத்துக்கு கீது?"

"தூங்கற மனுசன எழுப்பச் சொல்றியா? வேலைக்குப் போனா அங்க போனை வாங்கி வெச்சிடறாங்க. நீயே கேளு."

ஜூலை 11, வெள்ளி

காலையில் அப்பா ஷூவைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். அவர் டிபன் பாக்ஸைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். கழுவிய பாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவ இஷ்டம்னு சொல்லு" என்றார்.

இரவு அம்மாவிடம் சொன்னேன். "உன் இஷ்டமாம்."

"ஓ" என்றாள். விளக்கை அணைத்துவிட்டாள்.

இது சண்டையா, சம்மதமா? எனக்குப் புரியவில்லை. அம்மா போய்விட்டால் அந்தக் கட்டில் பாதி நேரம் காலியாகக் கிடக்கும்.

ஜூலை 14, திங்கள்

போன மாதம் படப்பை சூப்பர் மார்க்கெட்டில் பரிசுக் கூப்பன் ஒன்றை அம்மா பேரில் நிரப்பிப் போட்டிருந்தேன். தொழில் என்ற இடத்தில் 'தொழிலதிபர்'. நம்பர் மட்டும் என்னுடையது.

இன்று போன் வந்தது. "வாழ்த்துகள் மேடம்! மிஸஸ் ரோஸிங்களா?" அம்மா குரல் எனக்கு நன்றாக வரும். "ஆமா, சொல்லுங்க" என்றேன். மாமல்லபுரம் தாண்டி ஒரு ரிசார்ட். இரண்டு இரவு, வெறும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, காலை டிபனோடு. 'சுடுகாட்டிலிருந்து பேசுகிறேன், இங்கே ஏ.சி. எதற்கு' என்று கலாய்த்து வைக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் அந்த அக்கா கண்டிஷனைச் சொன்னாள். ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் அவர்கள் பிரசன்டேஷனில் உட்கார வேண்டும்.

"ஹஸ்பெண்ட், ஒய்ஃப் ரெண்டு பேருமே கம்பல்சரி மேடம். ஒருத்தர் மட்டும் வந்தா ரூமுக்கு ஃபுல் ரேட்."

வாய்க்குள் இருந்த ஜோக்கை விழுங்கிவிட்டேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். ரெண்டு பேருமே கம்பல்சரி!

ஜூலை 15, செவ்வாய்

இன்று இரண்டு போலித் தூது.

அப்பாவிடம்: "அம்மா பேர்ல ரிசார்ட்டு பரிசு விழுந்திருக்கு. கடலப் பாக்கணும்னு அவங்களுக்கு ரொம்ப ஆசையாம். உன்னக் கேக்கக் கூச்சமாம்."

அம்மாவிடம்: "அப்பா ரிசார்ட்டு புக் பண்ணிட்டாரு. உன்கிட்ட சொல்லக் கூச்சமாம்."

ஒரே கூச்சத்தை இரண்டு பேருக்கும் விற்றுவிட்டேன். மார்க்கெட்டிங்கில் எனக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

இரண்டு பேரும் லீவு சொல்லிவிட்டார்கள்! ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது.

பேச்சிராஜ் அண்ணனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "போய்ட்டு வாங்க. கையெழுத்து மட்டும் போட்றாதீய. எங்க மாமா ஒருத்தரு போட்டுட்டு இன்னைக்கும் முழிச்சிட்டு இருக்காரு" என்றார்.

ஜூலை 26, சனி

வந்துவிட்டோம். ஓசியில்லை, ஆனால் கிட்டத்தட்ட ஓசி. ஓசூரை மறக்க ஓசி ரிசார்ட்.

பஸ்ஸில் அம்மா முன்னால், அப்பா பின்னால். இங்கே ரூமில் எங்கள் வீட்டு அகலத்துக்கு ஒரு கட்டில். இரண்டு பேரும் அதை ஏதோ ஆபீசர் மேசையைப் பார்ப்பது போலத் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"நீ படு ரோஸி."

"இல்ல, நீங்க படுங்க. நைட்டு முழிச்சிட்டு வந்திருக்கீங்க."

மரியாதை ஆளைக் கொல்லும் போலிருக்கிறது. கடைசியில் கட்டிலில் நான். அப்பா சோபாவில். அம்மா ரிசப்ஷனுக்குப் போன் போட்டு "ஒரு பாய் அனுப்புங்க" என்றாள். யூனிபார்ம் போட்ட ரூம் பாய் வந்து நின்றான். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

சர்ச் பூசையை விட்டுவிட்டு பிரசன்டேஷனுக்குப் போனோம். இங்கேயும் பிரசங்கம் உண்டு, கடைசியில் தட்டும் வரும்.

பெரிய ஹால், வட்ட மேசைகள், காதைக் கிழிக்கும் பாட்டு. யாராவது கையெழுத்துப் போட்டால் மணி அடித்துக் கை தட்டுகிறார்கள். எங்கள் மேசைக்கு வந்தவர் பெயர் செந்தமிழன். வாயைத் திறந்தால் இங்கிலீஷ்.

"சார், மேடத்தோட லாஸ்ட்டா எப்போ டிரிப் போனீங்க?"

"வேளாங்கண்ணி" என்றார் அப்பா.

"அப்ப இவ என் வயித்துல இருந்தா" என்றாள் அம்மா.

செந்தமிழன் உற்சாகமாகிவிட்டார். படம் வரைந்து விளக்கினார். ஒரே ரூம். இந்த வாரம் ஒரு குடும்பம், அடுத்த வாரம் இன்னொரு குடும்பம். அவரவர் வாரத்தில் அவரவர் வரலாம், ஆயுசு முழுக்க. "இதான் டைம்ஷேர். வெரி சிம்பிள்!"

என் வாய் சும்மா இருக்குமா? "சார், இது எங்க வூட்டுலயே கீது. ஒரே கட்டிலு. பகல்ல அப்பா, நைட்ல அம்மா. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கவே மாட்டாங்க."

பக்கத்து மேசை வரை சிரித்தது. செந்தமிழன் எனக்குக் கை கொடுத்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மேசை விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"வுடு ரோஸி" என்றார் அப்பா மெதுவாக. "நீ ஆசப்பட்டு வந்த எடத்துல..."

"நானா? நான் எங்க ஆசப்பட்டேன்? நீங்க புக் பண்ணிட்டீங்கன்னுதானே லீவு போட்டேன்?"

"நான் எங்க புக் பண்ணேன்?"

இரண்டு தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் நீச்சல்குளப் படம் போட்ட நோட்டீஸை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"அட்டெண்டன்ஸ் போனஸ் போனாலும் பரவால்லன்னு வந்தேன். நீங்க ஆசப்பட்டீங்களேன்னு."

"எனக்கும்தான் போச்சு. நீ ஆசப்பட்டியேன்னு."

செந்தமிழன் இடையில் புகுந்தார். "ஸோ ஸ்வீட் சார்! அப்போ நம்ம ஸ்டூடியோ ரூம் பிளான்ல..."

"இருய்யா!" இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

பிறகு அம்மா ஆரம்பித்தாள். "அப்ப ஓசூரு? அதுவும் இவ வாயாலதான் வந்துச்சு. 'உன் இஷ்டம்.' ஒம்போது வருசம் நின்னுகினே வேல செஞ்சவ நானு. போன்னும் சொல்லல, போவாதேன்னும் சொல்லல. உனக்கு இன்னாதான்யா வேணும்? நீ என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

நீ! அம்மா அப்பாவை 'நீ' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அப்பா குரலும் ஏறிவிட்டது. "போவாதேன்னு சொன்னா நீ நின்னுடுவே. எனக்குத் தெரியாதா? என்னாலதான் இவ போவலன்னு காலம் பூரா நான் பாத்துகினு கெடக்கணும். அதான் சொல்லல."

"அப்ப போன்னு சொல்றது!"

"அது வாயில வரல."

ஒரு மேனேஜர் ஓடி வந்தார். "மேடம், உங்களுக்காக இன்னைக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் ஆஃபர்..."

"எங்க பேச்சே இன்னும் முடியல. நீ இன்னா குறுக்க குறுக்க?" என்றாள் அம்மா.

பேனாவைக் கையில் எடுத்திருந்த பக்கத்து மேசைக்காரர் அதைக் கீழே வைத்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் ஆகும் முன்பே எங்கள் பேப்பரில் சீல் குத்தி, "நீங்க ரூம்ல ரெஸ்ட் எடுங்க மேடம்" என்று வெளியே கொண்டுவந்து விட்டார்கள். நாங்கள் இருந்த வரை ஹாலில் ஒரு மணியும் அடிக்கவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் ரூமுக்கு வந்ததும் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அப்பா நீச்சல்குளத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

நான் இன்னா பண்ணி வெச்சிட்டேன்? கலாய்க்கத்தானே பண்ணேன்? இல்ல. பொய். அம்மா போவக் கூடாதுன்னு பண்ணேன். அவ்ளோதான். அது கூடச் சொல்ல எனக்கும் வாய் வரல.

ஜூலை 28, திங்கள்

கதவுச் சத்தம் கேட்டு விழித்தேன். இன்னும் விடியவில்லை. அம்மா சேலை கட்டி, தலை சீவி, கழுத்தில் ஐடி கார்டு மாட்டி, பையோடு வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

கோபித்துக்கொண்டு ஒரேயடியாகக் கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினேன்.

அவள் கேட்டைத் தாண்டி, ரோட்டோரம் போய் நின்றாள். பென்னலூரில் நிற்பது மாதிரியே, பையை மார்போடு அணைத்துக்கொண்டு. கண் பாதி மூடியிருந்தது.

வாட்ச்மேன் "எங்கம்மா இந்நேரத்துல?" என்றார்.

"ஏழாம் நம்பர் பஸ்ஸு போய்டுச்சா அண்ணே?"

அப்போதுதான் புரிந்தது. தூக்கத்திலேயே டூட்டிக்குக் கிளம்பியிருக்கிறாள்! திங்கள்கிழமை என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, ஊர்தான் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்த போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தேன்.

அப்போது நீச்சல்குளப் பக்கத்திலிருந்து அப்பா வந்தார். நைட் ஷிப்ட் உடம்பு, இரவில் தூங்காது. அவர் அம்மாவைக் கூப்பிடவில்லை. இது ரிசார்ட் என்று சொல்லவும் இல்லை. போய் அவள் பக்கத்தில் நின்றார். அவரும் ரோட்டைப் பார்த்தார்.

அம்மா அவரை மெல்லத் திரும்பிப் பார்த்தாள். "நீ இன்னா இங்க? ஷிப்ட் முடிஞ்சிடுச்சா?"

பிறகு கேட்டின் மேல் எரிந்த கலர் லைட்டையும் தென்னை மரத்தையும் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

அப்பா அவள் கழுத்திலிருந்து ஐடி கார்டைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"தினம் இந்த நேரத்துக்குத்தான் வந்து நிப்பியா?"

"பின்ன?"

"இத்தினி வருசத்துல ஒரு நாளும் பாத்ததில்ல."

"நீ எங்க இருக்கே, பாக்கறதுக்கு."

"உள்ள வா. காத்து அடிக்குது."

"வரேன். செத்த நில்லு."

வராத பஸ்ஸுக்காக இரண்டு பேரும் நின்றார்கள். வாட்ச்மேன் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். நல்ல மனுஷன்.

"போ ரோஸி" என்றார் அப்பா. "ஓசூருக்குப் போ."

"இப்ப மட்டும் வாயில வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. போ. ஆனா வாராவாரம் வந்துரு. நீ இல்லாம எனக்கு வூடு மாதிரியே இருக்காது."

"இப்ப மட்டும் நான் வூட்டுலயா கீறேன்?"

"குழம்பு இருக்குதில்ல. பொத்தான் இருக்குதில்ல."

வீடியோவை அழித்துவிட்டேன். எத்தனை லைக் வந்திருக்கும்! பரவாயில்லை. கேட் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து நன்றாக அழுதேன். நான் போட்ட திட்டம் எதற்கு, முடிந்தது எதில்! ஆனால் கோபம் வரவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தண்டனை: ஒரு மாதம் பாத்திரம் கழுவ வேண்டும். தீர்ப்பை இரண்டு பேரும் கலந்து பேசி, அவர்களே நேரில் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அம்மா ஓசூர் போய்விட்டாள். எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆறு மாதம் கழித்து இங்கத்திய கம்பெனிக்கே மாற்றல் கேட்டிருக்கிறாளாம். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். இதை அம்மா அப்பாவிடம் சொன்னாள், அப்பா என்னிடம் சொன்னார். தூது தலைகீழாக ஓடுகிறது.

தினமும் அப்பா கிளம்பும் முன் ஊறுகாய் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சண்டை. இன்றைக்கு ரசத்தில் பூண்டைத் தட்டிப் போடுவதா, உரித்துப் போடுவதா என்று. டி.வி. சத்தம்கூடக் கேட்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

அப்பா ஒருவரிடம் கெஞ்சிப் புதன்கிழமை லீவைக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமையை வாங்கிவிட்டார்; சனி இரவு ஷிப்ட் இல்லை. வாராவாரம் ஓசூர் பஸ் ஸ்ரீபெரும்புதூர் வரும்போது விடிந்திருக்காது. இன்று நானும் கூட வருவேன் என்று அடம்பிடித்துப் போனேன். பஸ் வரும் நேரத்துக்கு வெகு முன்பே பாலத்துக்குக் கீழே போய் நின்றுவிட்டோம். டீ கூட வேண்டாம் என்றுவிட்டார். குடித்துக்கொண்டிருக்கும்போது பஸ் வந்துவிட்டால்?

அம்மா பாதித் தூக்கத்தில் இறங்கினாள். நேராக டூட்டி முடிந்து ஏறியிருக்கிறாள். ஐடி கார்டு கழுத்திலேயே இருந்தது. அப்பா அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பஸ்ல தூங்கினியா?"

"எங்க. நீ இங்க நின்னுகினு இருப்பேன்னு நெனப்பு."

வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு காபி. பேசிக்கொண்டே இருந்தவர்கள் திடீரென்று அடங்கிவிட்டார்கள். எட்டிப் பார்த்தால், அந்த ஒரே கட்டிலில் இந்தப் பக்கம் ஆந்தை, அந்தப் பக்கம் சேவல். இரண்டும் குறட்டை. ஒருவர் இழுக்கும்போது ஒருவர் விடுகிறார்.

பேச்சிராஜ் அண்ணன் படியில் தடதடவென்று இறங்கினார். "மெதுவாண்ணே!" என்று அதட்டினேன். அவருக்கே ஆச்சரியம்.

குக்கர் விசில் அடிக்கும் முன் அடுப்பை அணைத்துவிட்டேன். அப்பாவின் போன் அவர் தலைமாட்டில் இருந்தது. ஓசைப்படாமல் எடுத்து, கொக்கரக்கோ அலாரத்தை அழித்துவிட்டு வைத்தேன்.